பவளத் தொட்டிக்கு வெயில் காலம்

பவளம் வெப்பக் கடலின் உயிர். பாறை கட்டும் பவளங்கள் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நீர் நெடுநாள் குளிர்ந்திருக்கும் இடங்களில் வளர்வதில்லை. நிலநடுக்கோட்டின் இருபுறத்திலும் உள்ள வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழமில்லாத கடலே அவற்றின் வீடு. அப்படியிருக்க, வீட்டில் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் வெயில் காலம் வந்தால் ஏன் கலங்குகிறார்கள்? வெப்பக் கடலில் பிறந்த உயிரை எதற்காகக் குளிர்விக்க வேண்டும்?

சற்றுச் சிந்தியுங்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், நீங்கள் வகுப்பில் படிக்கும் வெப்பவியல் பாடம் முழுவதும் அந்தச் சிறு தொட்டிக்குள் இருப்பதைக் காண்பீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் கற்பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். வீட்டில் பவளத் தொட்டி வைப்பது அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளில் பரவியுள்ள பொழுதுபோக்கு. நாம் அந்தத் தொட்டியை இங்கே கொண்டுவரப் போவதில்லை. அதன் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டு மீன் தொட்டிக்கும் அதே விதிகள்தாம்.

பவளத்தின் உள்ளே ஒரு விருந்தாளி

பவளம் ஒரு விலங்கு. கடற்சாமந்திக்கு உறவு. ஆனால் அதன் திசுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. சூஸாந்தெல்லா என்பது அவற்றின் பெயர். பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்குப் பங்கு தருகிறது. பவளம் பாசிக்கு இருக்க இடமும், தன் கழிவிலிருந்து உரமும் தருகிறது. பவளத்தின் உணவில் பெரும்பகுதி இந்தப் பாசியிடமிருந்தே கிடைக்கிறது. அதன் பழுப்பு நிறமும் பாசி தந்ததுதான்.

நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த நட்பு முறிகிறது. வெப்பத்தில் பாசியின் ஒளிச்சேர்க்கை இயக்கம் பழுதாகிறது. அப்போதும் ஒளி விழுந்துகொண்டே இருந்தால், செல்லைச் சிதைக்கக்கூடிய வேகமான ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறமற்ற திசுவின் வழியே வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. இதுவே 'பவளம் வெளுத்தல்'.

வெளுத்த பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. அது பட்டினி கிடக்கிறது. சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தால் பாசி மீண்டும் பெருகும், பவளம் பிழைக்கும். இல்லையேல் மடியும்.

இதற்கு எவ்வளவு சூடு வேண்டும் என்கிறீர்கள்? ஓர் இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி அதிகமாகிச் சில வாரங்கள் நீடித்தாலே போதும். ஆம், ஒரே ஒரு டிகிரி! பவளம் தன் தாங்கும் எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்கிறது. அது வெப்பத்தை விரும்புகிறது. ஆனால் இன்னும் கொஞ்சம் கூடினால் தாங்காது. நம் முதல் கேள்விக்கு இதுவே விடை.

இன்னொரு தொல்லையும் உண்டு. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 6.8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் சுமார் 6.2 மில்லிகிராம்தான். அதே சமயம் சூட்டில் மீன்களும் பிற உயிர்களும் வேகமாகச் சுவாசிக்கின்றன. வரவு குறைகிறது, செலவு கூடுகிறது.

கடலும் தொட்டியும்

கடல் பெரிது. பகலெல்லாம் வெயில் காய்ந்தாலும் திறந்த கடலின் வெப்பநிலை எளிதில் மாறாது. தொட்டியோ சிறிது. அறை சூடானால் ஒரே பிற்பகலில் அதுவும் சூடாகிவிடும்.

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மேற்கு ஐரோப்பாவைக் கடும் வெப்ப அலை தாக்கியது. பாரிஸ் நகரில் வெப்பநிலை 40 டிகிரியை நெருங்கியது. குளிருக்காகக் கட்டப்பட்ட வீடுகள் அவை. பெரும்பாலானவற்றில் குளிர்சாதனம் கிடையாது. அத்தகைய வீட்டில் ஒரு பவளத் தொட்டி இருந்தால் என்ன செய்வது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தொட்டியின் நீளம் 100 செ.மீ., அகலம் 50 செ.மீ., நீரின் உயரம் 40 செ.மீ. என்று கொள்வோம். பெருக்கினால் 2,00,000 கன சென்டிமீட்டர். அதாவது 200 லிட்டர். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் தேவை. கடல் நீருக்கு இது மிகச் சிறிதே வேறுபடும். நாம் ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே நம் தொட்டியை ஒரு டிகிரி குளிர்விக்க 200 கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

அறைக் காற்றிலிருந்து வருகிறது. சன்னல் வழியே விழும் வெயிலிலிருந்து வருகிறது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. மறந்துவிடுகிற வழி ஒன்று உண்டு: தொட்டியிலுள்ள மின்கருவிகள்.

நீரைச் சுழற்றும் பம்புகள் நீருக்குள் மூழ்கி இரவும் பகலும் ஓடுகின்றன. 50 வாட் பம்பு ஒன்று வாங்கும் மின்னாற்றல் என்ன ஆகிறது? கொஞ்சம் மோட்டாரைச் சூடாக்குகிறது. மீதி நீரை ஓட வைக்கிறது. ஓடும் நீர் உராய்ந்து ஓயும்போது அதுவும் வெப்பமாகிவிடுகிறது. ஆக, கடைசிக் காசு வரை வெப்பமே.

ஒரு நாளில் 50 வாட் பம்பு செலவிடுவது 1,200 வாட்-மணி. ஒரு வாட்-மணி என்பது 0.86 கிலோ கலோரி. பெருக்கினால் 1,032 கிலோ கலோரி. இந்த வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால், 200 லிட்டர் நீர் ஒரே நாளில் 5 டிகிரி சூடாகிவிடும்! பவளம் தாங்காத அந்த ஒரு டிகிரியை நினைத்துப் பாருங்கள். விளக்குகளின் வெப்பம் இதற்கு மேல்.

எனவே முதல் வைத்தியம், குளிர்விப்பதல்ல; சூடு நுழையாமல் தடுப்பது. வெயில் விழும் சன்னலுக்குத் திரை போட வேண்டும். தேவையற்ற பம்புகளை நிறுத்த வேண்டும். விளக்கை நீரிலிருந்து உயர்த்தி, எரியும் நேரத்தையும் குறைக்க வேண்டும். சிலர் கோடையில் விளக்கை இரவில் எரியவிட்டுப் பகலில் அணைத்துவிடுவார்கள். வீடு குளிர்ந்திருக்கும் நேரத்தில் விளக்கின் சூடு சேரட்டும் என்பது கணக்கு. பவளத்துக்கு வேண்டியது ஒளி. அது எந்த நேரத்து ஒளி என்பது இரண்டாம் பட்சம்.

ஒளியைக் குறைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெளுத்தலுக்கு வெப்பமும் கடும் ஒளியும் சேர்ந்தே காரணம் என்று பார்த்தோமல்லவா? சூடு மிகுந்த நாட்களில் நிழல் தந்தால் பாசியின் சுமை குறைகிறது.

பனிக்கட்டியா, மின்விசிறியா?

தொட்டி 28 டிகிரிக்குப் போய்விட்டது. 26க்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு டிகிரி என்றால் 400 கிலோ கலோரி.

ஒரு கிலோ பனிக்கட்டி உருக 80 கிலோ கலோரி எடுத்துக்கொள்கிறது. உருகிய நீர் பூஜ்யத்திலிருந்து 26 டிகிரிக்கு ஏற இன்னும் 26. மொத்தம் 106. ஆகவே நமக்கு ஏறக்குறைய 4 கிலோ பனிக்கட்டி வேண்டும். அதை அப்படியே தொட்டியில் போட்டால் உப்பு நீர்த்துப்போகும். பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்துத்தான் மிதக்கவிட வேண்டும். பாட்டிலை வாய் வரை நிரப்பி உறையவைக்காதீர்கள். நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிந்து பாட்டிலைப் பிளந்துவிடும்.

இப்போது வேறு வழி. ஒரு லிட்டர் நீர் 30 டிகிரிக்கு அருகில் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இதுவே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். அப்படியானால் நமக்கு வேண்டிய 400 கிலோ கலோரியை வெளியேற்ற எவ்வளவு நீர் ஆவியாக வேண்டும்? 400ஐ 580ஆல் வகுத்தால் 0.7 லிட்டர்கூட இல்லை. 4 கிலோ பனிக்கட்டி செய்யும் வேலையை முக்கால் லிட்டருக்கும் குறைவான நீர் செய்துவிடுகிறது!

நம் பாட்டிகள் இதை அறிந்தே மண்பானையில் தண்ணீர் வைத்தார்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. தொட்டிக்கும் அதே வழி. மேல் மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி ஒரு சிறிய மின்விசிறியை வைத்தால் போதும். நீரின் மேலே தேங்கி நிற்கும் ஈரக்காற்றை விசிறி விரட்டுகிறது, உலர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது, ஆவியாதல் விரைகிறது. 50 வாட் பம்பு நாள் முழுவதும் தரும் வெப்பத்தை நீக்க, சுமார் 1.8 லிட்டர் நீர் ஆவியானால் போதும்.

விசிறி தொட்டிக்குள் விழாதபடி உறுதியாகப் பொருத்த வேண்டும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இந்த வேலையைப் பெரியவர்கள் உடனிருக்கவே செய்ய வேண்டும்.

எந்த நீரை ஊற்றுவது?

தினமும் 1.8 லிட்டர் வீதம் பத்து நாளில் 18 லிட்டர் குறைந்துவிடும். அதை நிரப்ப வேண்டும். கடல் நீரையா, நல்ல நீரையா?

கடல் தொட்டிதானே, கடல் நீர் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. ஆவியாகிப் போனது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிட்டது. லிட்டருக்கு 35 கிராம் வீதம் 200 லிட்டரில் 7 கிலோ உப்பு இருந்தது. இப்போது அதே 7 கிலோ 182 லிட்டரில் இருக்கிறது, லிட்டருக்கு 38.5 கிராம். கடல் நீரை ஊற்றினால் உப்பு மேலும் சேரும். ஆகவே, உப்பில்லாத தூய நீரையே நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.

விசிறி தோற்கும் இடம்

விசிறியால் தொட்டியை எவ்வளவு வேண்டுமானாலும் குளிர்விக்க முடியுமா? முடியாது. அதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறியின் கீழ் வைத்தால், அது ஓர் அளவு வரை இறங்கி நின்றுவிடும். இதனை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறோம். ஆவியாதலால் மட்டும் இதற்குக் கீழே போக முடியாது.

இரண்டு ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உள்நாட்டு ஊர். காற்று 36 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு. அங்கே ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 23 டிகிரி. மற்றது கடலோர ஊர். காற்று 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 75 விழுக்காடு. அங்கே ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 30 டிகிரி. வெயில் கூடுதலான முதல் ஊரில் விசிறி பவளத்தைக் காப்பாற்றிவிடும். வெயில் குறைந்த இரண்டாம் ஊரில் அது தோற்றுவிடும்! புழுக்கமான நாளில் வியர்வை உலராமல் நாம் தவிப்பதும் இதனால்தான்.

மூடிய அறையில் விசிறி வைத்தாலும் இதே கதிதான். ஆவியான நீர் அறையிலேயே தங்கி ஈரப்பதத்தை உயர்த்தும், ஆவியாதல் மந்தமாகும். வெளிக்காற்று உலர்ந்திருக்கும்போது சன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

விசிறி தோற்கும் இடத்தில் குளிரூட்டும் பொறிதான் வழி. அது குளிர்சாதனப் பெட்டியைப் போன்றதே. நீரின் வெப்பத்தை வாங்கி வெளியே தள்ளுகிறது. தான் உண்ட மின்னாற்றலையும் வெப்பமாகச் சேர்த்துத் தள்ளுகிறது. ஆகவே அதைத் தொட்டியின் அடியில் உள்ள அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடினால், வெளியே தள்ளிய வெப்பம் அங்கேயே தேங்கும், பொறி திணறும். வெப்பத்தை அழிக்க முடியாது; இடம் மாற்றத்தான் முடியும்.

எந்த வழியானாலும் அவசரம் கூடாது. நான்கைந்து டிகிரியை ஒரே மணி நேரத்தில் இறக்கினால், சூட்டில் தவித்த உயிருக்கு அதுவே இன்னொரு அடி. சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என மெல்ல இறக்குவதே நல்லது. மின்சாரம் நின்றுவிட்டால் முதல் கவலை ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

பவளமும் வேண்டாம், கடல் நீரும் வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டு அகன்ற எவர்சில்வர் பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் அளந்து ஒரு லிட்டர் குழாய் நீர் ஊற்றுங்கள். ஒன்றைத் தட்டால் மூடுங்கள். மற்றதைத் திறந்து மின்விசிறியின் கீழ் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இரண்டின் வெப்பநிலையையும், அறையின் வெப்பநிலையையும் குறித்து வாருங்கள். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்த பாத்திரத்தின் நீரை மீண்டும் அளந்து பாருங்கள்.

50 மில்லி லிட்டர் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50ஐ 580ஆல் பெருக்கினால் 29,000 கலோரி. மிச்சமுள்ள நீர் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கணக்குப்படி அது ஏறத்தாழ 30 டிகிரி குளிர்ந்து உறைநிலையை எட்டியிருக்க வேண்டும்! ஆனால் உங்கள் வெப்பமானி ஒரு சில டிகிரிதான் இறங்கியிருக்கும். கணக்கு தவறா?

இல்லை. நீர் அறையைவிடக் குளிர்ந்த கணத்திலிருந்து, காற்றும் மேசையும் அதற்கு வெப்பத்தைத் தந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் வரவு. இரண்டும் சமமாகும் இடத்தில் வெப்பமானி நின்றுவிடுகிறது. பவளத் தொட்டியும் இப்படித்தான். ஒரு முறை ஆவியாக்கி முடிக்கிற வேலையல்ல அது. நாள் முழுவதும் வரவுக்கு ஈடாகச் செலவு நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

கடலின் விசிறி

ஜகார்த்தா நகரைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளையும் காற்றுக் குமிழ்களையும் மட்டுமே நம்பிப் பவளம் வளர்த்த முறையை 1961ஆம் ஆண்டு எழுதினார். அன்று முதல் பலரும் வீட்டுக்குள் ஒரு சிறு கடலை உண்டாக்க முயன்றிருக்கிறார்கள். அந்தச் சிறு கடல் பெரிய கடலைப் பற்றி நமக்கு ஒன்று சொல்கிறது.

பெரிய கடலுக்கும் ஒரு விசிறி உண்டு. அது காற்று. கடற்பரப்பில் காற்று வீசும்போது நீர் ஆவியாகிக் குளிர்கிறது; அலைகள் மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்குகின்றன. காற்று அடங்கி, மேகம் விலகி, கடல் கண்ணாடிபோல் கிடக்கும் நாட்களிலேயே மேல்நீர் கடுமையாகச் சூடாகிறது. நிழலும் இல்லை, விசிறியும் இல்லை. பவளம் வெளுக்கிறது.

இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. 1986இல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் நீர் குளிரத் தொடங்கும். அதுவரை தாக்குப்பிடித்த பவளங்கள் பிழைக்கும். காற்று வர ஓரிரு வாரம் தாமதித்தால் பல கூட்டங்கள் மடியும்.

ஆனால், கரியமில வாயு பெருகிப் புவி முழுவதும் சூடேறும்போது, கடலின் கோடை உச்சமே ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது. உலகளவில் பவளங்கள் வெளுக்கும் நான்காவது நிகழ்வு நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அறையின் வெப்பத்தைச் சன்னலுக்கு வெளியே தள்ளலாம். கடலின் வெப்பத்தை எந்தச் சன்னலுக்கு வெளியே தள்ளுவது? தொட்டிக்குச் சொன்ன முதல் வைத்தியம் நினைவிருக்கிறதா? குளிர்விப்பதற்கு முன், சூடு நுழையாமல் தடுக்க வேண்டும். கடலுக்கு அது ஒன்றுதான் வைத்தியம்.

விடை காணுங்கள்

1. மழைக்காலத்தில் மண்பானை நீர் ஏன் கோடையில் போல் அறையைவிட மிகவும் குளிர்ந்திருப்பதில்லை?

2. எல்லாக் கதவுகளையும் சன்னல்களையும் அடைத்த அறையில், ஒருவர் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்து அறையைக் குளிர்விக்கப் பார்க்கிறார். அறை குளிருமா, சூடேறுமா?

3. 100 லிட்டர் தொட்டியில் 20 வாட் பம்பு நாள் முழுவதும் ஓடுகிறது. அதன் வெப்பத்தை மட்டும் நீக்க எத்தனை லிட்டர் நீர் ஆவியாக வேண்டும்?